ரேஸ் காருக்கு ரிமோட் எச்சரிக்கை விளக்கு: வயரிங் முதல் சோதனை வரை

ரேடியோ இல்லாத காரிலும், ரேடியோ இருந்தும் எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாத காரிலும், ஓட்டுநரை உள்ளே கூப்பிட ஒரு விளக்கு பெரிய உதவி. பிட் (பந்தயத்தின் நடுவே கார் வந்து நிற்கும் பணியிடம்) சுவரோரம் நிற்பவர் ரிமோட்டை அழுத்துகிறார், டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. கேட் திறக்கும் ரிமோட்டில் இருக்கும் அதே பாகங்களை வைத்து இதை ஒரே நாளில் செய்துவிடலாம்.

வயரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியாமல் இருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. யாரும் கூப்பிடவில்லை என்பது ஒன்று. ஃப்யூஸ் போய்விட்டது, வயர் கழன்றுவிட்டது என்பது இன்னொன்று. ஓட்டுநர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. டயரில் காற்று இறங்குவதைப் பார்த்து பிட்டில் ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். விளக்கு எரியவில்லையே என்ற தைரியத்தில் ஓட்டுநர் அடுத்த வளைவுக்குள் முழு வேகத்தில் போவார். விளக்கே இல்லாத கார் இதைவிடப் பாதுகாப்பு, ஏனென்றால் அந்த ஓட்டுநர் பிட்டிலிருந்து காட்டும் அறிவிப்புப் பலகையான பிட் போர்டைப் பார்ப்பார்.

அதனால் இங்கே சொல்லும் வயரிங்கில் விளக்கு இரண்டு. பெரிய ஆரஞ்சு எரிந்தால் உள்ளே வர வேண்டும். சின்னப் பச்சை எரிந்தால் கருவிக்கு மின்சாரம் இருக்கிறது, கடைசியாக வந்த கட்டளை ‘ஓட்டலாம்’ என்பது. இரண்டும் அணைந்திருந்தால் கருவி செத்துவிட்டது, இனி பிட் போர்டையும் கொடியையும்தான் நம்ப வேண்டும். கூடுதல் செலவு ஒரு சின்ன எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் மட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் பந்தயத்தின் விதிப் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டுங்கள். பிட்டிலிருந்து காருக்கு சிக்னல் அனுப்புவதை எல்லாப் போட்டிகளும் ஏற்பதில்லை. ஃபார்முலா ஒன்னில் பிட்டிலிருந்து காருக்கு டெலிமெட்ரி (ரேடியோ வழித் தரவு) அனுப்புவது 2002-இல் அனுமதிக்கப்பட்டு 2003-இலேயே தடை செய்யப்பட்டது. கார் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால், போட்டி நாள் காலையில் டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

தேவையான பாகங்கள்

12 வோல்ட், இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ரிமோட் ரிசீவர் போர்டு 1
அதற்குப் பொருந்தும் இரண்டு பொத்தான் ரிமோட் 2 (ஒன்று கையிருப்புக்கு)
12 வோல்ட் ஆரஞ்சு எல்இடி விளக்கு, 2 முதல் 3 வாட் 1
பச்சை எல்இடி, 3 மி.மீ. 1, அதனுடன் 4.7 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் 1
2 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், மூடியுள்ள ஹோல்டருடன் 1 (உதிரி ஃப்யூஸ் 3)
1என்5819 ஷாட்கி டயோடு 1
1.5கேஇ18ஏ டிவிஎஸ் டயோடு 1
1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் 1
அழுத்தினால் மட்டும் சேரும் புஷ் பட்டன் 1
0.75 சதுர மி.மீ. பல இழை வாகன வயர், சிவப்பும் கறுப்பும் தலா 3 மீட்டர், விளக்குக்கு வேறு நிறத்தில் 2 மீட்டர்
பிளாஸ்டிக் பெட்டி, வயர் நுனிக் குழல்கள், வளைய லக்குகள், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப்

வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரை இதில் சேர்க்கவே வேண்டாம். அதிர்வில் அது முனையோடு ஒட்டி முறியும், அதுவும் மேலுறைக்கு உள்ளே முறிவதால் கண்ணில் படாது.

எந்த ரிசீவர், எந்த முறை

மலிவான ரிசீவர்களில் இரண்டு ஜாதி உண்டு. சூப்பர் ரீஜெனரேட்டிவ் போர்டில் திருகித் திருப்பும் சின்னச் சுருள் ஒன்று இருக்கும். வெயிலும் அதிர்வும் சேர்ந்தால் அதன் அலைவரிசை மெல்ல விலகிப்போகும். சூப்பர்ஹெட் போர்டில் அந்தச் சுருளுக்குப் பதில் பளபளப்பான உலோக உறைக்குள் கிரிஸ்டல் இருக்கும். காருக்கு சூப்பர்ஹெட் மட்டுமே. விலை வித்தியாசம் சொற்பம்.

அலைவரிசை பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ்; வட அமெரிக்காவில் 315 அதிகம். உங்கள் நாட்டில் உரிமம் இல்லாமல் எது அனுமதியோ அதை வாங்குங்கள். தூரம் போதவில்லை என்று ரிமோட்டுக்குப் பவர் பூஸ்டர் மாட்டாதீர்கள். அது சட்டத்துக்கும் புறம்பு, பக்கத்துப் பிட்டில் இருப்பவரின் கருவியையும் கெடுக்கும்.

ரிமோட்டின் குறியீட்டையும் பாருங்கள். பிடி2262 என்ற சிப் உள்ள பழைய ரிமோட்டுகளில் எட்டு முகவரிக் கால்களை நாமே இணைத்துக் குறியீடு அமைக்க வேண்டும். மொத்தம் 6561 சேர்க்கைகள் இருந்தாலும், கடையிலிருந்து வரும்போது பல ரிமோட்டுகளில் எட்டுக் கால்களும் எதிலும் சேராமல் அப்படியே இருக்கும். பக்கத்து அணியும் அதே ரிமோட்டை அப்படியே பயன்படுத்தினால் அவர்கள் அழுத்த உங்கள் விளக்கு எரியும். இவி1527 வகையில் 20 பிட் எண் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும், சேர்க்கைகள் பத்து லட்சத்துக்கும் மேல். இதையே வாங்குங்கள்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி. ரிசீவர் போர்டுகளுக்கு வழக்கமாக மூன்று முறைகள் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ரிலே பிடிப்பது ஒன்று. கார் சிக்னல் எட்டும் எல்லையைத் தாண்டியதும் விளக்கு அணைந்துவிடும் என்பதால் நமக்கு உதவாது. ஒரே பொத்தானால் எரிந்து அணையும் டாகிள் முறை இன்னொன்று. பலர் இதைத்தான் வைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது நடுவில் கால் நொடி சிக்னல் விட்டு மறுபடி வந்தால், ரிசீவர் அதை இரண்டாவது அழுத்தலாக எண்ணி விளக்கை அணைத்துவிடும். ஓடும் காரில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆக, எரிந்ததா அணைந்ததா என்று பிட்டில் யாருக்கும் தெரியாது.

நமக்கு வேண்டியது மூன்றாவது, இன்டர்லாக் முறை. ‘ஏ’ பொத்தானை அழுத்தினால் முதல் ரிலே பிடிக்கும், இரண்டாவது விடும். ‘பி’ அழுத்தினால் நேர் எதிர். ‘ஏ’யை நூறு முறை அழுத்தினாலும் விளைவு ஒன்றுதான். முதல் ரிலேயில் ஆரஞ்சு, இரண்டாவதில் பச்சை.

மின்சாரம் போய் வந்தால் இரண்டு ரிலேயும் விட்ட நிலையில் இருக்கும் போர்டாகப் பாருங்கள். சில போர்டுகள் பழைய நிலையை நினைவில் வைத்திருக்கும். அவை இந்த வேலைக்கு ஆகாது. நம் போர்டு விழித்தெழும்போது இரண்டு விளக்கும் இருட்டாக இருக்க வேண்டும். அப்போதுதான் காரை வெளியே விடும் முன் பிட்டிலிருந்து ‘பி’ அழுத்தியாக வேண்டிய கட்டாயம் வரும். பச்சை எரிந்தால் ரிமோட், ஏரியல் (ஆன்டெனா), ரிசீவர், ரிலே எல்லாமே வேலை செய்கின்றன என்று அந்த ஒரு அழுத்தலே காட்டிவிடும்.

முதலில் மேசைமேல்

காருக்குள் குனிந்துகொண்டு பழகாதீர்கள். 12 வோல்ட் சப்ளையில் போர்டை மேசையில் இயக்குங்கள். போர்டின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் குறியீடுகளை முதலில் அழியுங்கள். குறியீட்டைப் பதியவும் அழிக்கவும் போர்டில் இருக்கும் ‘லேர்ன்’ பொத்தானை எத்தனை முறை, எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது போர்டுக்குப் போர்டு மாறும், கூட வரும் தாளில் இருக்கும். பிறகு இன்டர்லாக் முறையில் இரண்டு ரிமோட்டையும் பதியுங்கள். சப்ளையைப் பிடுங்கி மறுபடி கொடுங்கள். இரண்டு ரிலேயும் விட்டிருக்கிறதா, ரிமோட் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயர் எப்படிப் போகிறது

மின்சாரத்தைக் கில் சுவிட்சுக்கு அப்புறம் எடுங்கள், பேட்டரி முனையிலிருந்து நேராக வேண்டாம். விபத்தில் மீட்பாளர் கில் சுவிட்சைத் திருப்பினால் காரில் எல்லாம் செத்துப்போக வேண்டும், இந்த விளக்கு உட்பட. எரிபொருள் பம்பு, இக்னிஷன் இவற்றின் ஃப்யூஸிலிருந்தும் கிளை எடுக்காதீர்கள். விளக்கு வயர் ஷார்ட் ஆகி எஞ்சின் நின்றுபோவதைவிட அவமானமான காரணம் பந்தயத்தில் கிடையாது. தனி ஃப்யூஸ், அதுவும் மின்சாரம் எடுக்கும் இடத்திலிருந்து 15 செ.மீ.க்குள். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

ஃப்யூஸைத் தாண்டிய இடத்தைப் பிரிவு முனை என்று வைத்துக்கொள்வோம். அங்கே டிவிஎஸ் டயோடின் கோடு போட்ட பக்கத்தை இணைத்து, மறுபக்கத்தை எர்த்தில் சேருங்கள். ஓடும்போது பேட்டரி இணைப்பு சட்டென்று விட்டால் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்னழுத்தப் பாய்ச்சலை இது விழுங்கும். 14.4 வோல்ட் சார்ஜிங்கில் இது சும்மா இருக்கும், 17-18 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும். தாங்க முடியாத பாய்ச்சல் வந்தால் இது பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஃப்யூஸைப் போக்கிவிடும். பச்சை அணைவதால் ஓட்டுநருக்கும் விஷயம் தெரியும்.

பிரிவு முனையிலிருந்து ஒரு வயர், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஷாட்கி டயோடு வழியாக (கோடு போட்ட பக்கம் போர்டை நோக்கி) போர்டின் பிளஸ்ஸுக்குப் போகிறது. டயோடுக்கும் போர்டுக்கும் இடையில், கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரின் பிளஸ், அதன் மைனஸ் எர்த்துக்கு. ரிலே பிடித்த நிலையில் போர்டு ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்தக் கணக்கில், 12 வோல்ட்டிலிருந்து 8 வோல்ட்டுக்கு இறங்க கெப்பாசிட்டருக்குப் பத்தில் ஒரு நொடி ஆகும். பாதையோர மேடான கெர்பில் ஏறி இறங்கும்போது ஒரு கணம் விட்டுச் சேரும் இணைப்பை மறைக்க இது போதும். விளக்கை டயோடுக்குப் பின்னால் இணைத்தால் இந்தச் சேமிப்பை விளக்கே குடித்துவிடும். ஆகவே விளக்குக்கான மின்சாரம் டயோடுக்கு முன்னாலேயே பிரிகிறது.

அதே பிரிவு முனையிலிருந்து இன்னொரு வயர் இரண்டு ரிலேக்களின் ‘காம்’ (பொது) முனைகளுக்கு. முதல் ரிலேயின் ‘என்ஓ’ (ரிலே பிடித்தால் மட்டும் ‘காம்’ உடன் சேரும்) முனையிலிருந்து ஆரஞ்சு விளக்கின் பிளஸ். இரண்டாவது ரிலேயின் ‘என்ஓ’விலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பச்சை எல்இடியின் நீளக் கால். ‘என்சி’ (ரிலே விட்டிருக்கும்போது ‘காம்’ உடன் சேர்ந்திருக்கும்) முனைகள் இரண்டும் காலி. 14 வோல்ட்டில் பச்சைக்கு ஏறக்குறைய 2.5 மில்லி ஆம்பியர்தான் போகும். அது போதும், இரவு ஓட்டத்திலும் கண்ணைக் கூசாது. புஷ் பட்டனை முதல் ரிலேயின் ‘காம்’, ‘என்ஓ’ இரண்டுக்கும் குறுக்கே இணையுங்கள். ஓட்டுநர் பெல்ட் போட்டதும் ஒரு முறை அழுத்தி ஆரஞ்சு எரிவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா மைனஸும் ஒரே இடத்தில், பேட்டரி எர்த்தோடு நேரடியாகச் சேரும் போல்ட்டில். பெயின்ட் மேல் திருகிய எர்த் பட்டறையில் வேலை செய்யும், பாதையில் கைவிடும்.

தனி ஆன் ஆஃப் சுவிட்ச் வைக்காதீர்கள். மறந்து அணைத்து வைப்பதற்கு ஒரு வழியை நாமே திறந்துவிடுவது போல அது.

போர்டின் திருகு முனைகளில் வயரை மாட்டும்போது நுனியில் ஈயம் பூசாதீர்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளாக நாளாக நசுங்கிக் கொடுத்துவிடும், திருகு தானாகத் தளரும். நுனிக் குழலைப் போட்டு கிரிம்ப் செய்து, முறுக்கி, பிறகு விரலால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வயரிலும் பெட்டிக்குள் ஒரு சின்ன வளையம் தொய்வாக விடுங்கள். கெப்பாசிட்டர் போல உயரமாக நிற்கும் பாகங்களின் அடியில் நடுநிலை வகை சிலிக்கான் ஒரு பொட்டு வையுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும், அது வேண்டாம்.

விளக்கு எந்த நிறம், எந்த இடம்

சிவப்பு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவது சிவப்பு. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு ஓட்டுநர் நடுப்பாதையில் எஞ்சினை அணைத்துவிடக் கூடும். நீலம், பின்னால் வரும் வேகமான காருக்கு வழிவிடச் சொல்லும் நீலக் கொடியை நினைவூட்டும். காரில் கோளாறு, பிட்டுக்கு வா என்று சொல்லும் கறுப்புக் கொடியில் இருப்பது ஆரஞ்சு வட்டம். ஓட்டுநர் மனத்தில் அந்த நிறத்துக்கு அர்த்தம் ஏற்கெனவே பதிந்திருக்கிறது.

மீட்டர்களுக்கு நடுவே வைக்காமல், பாதையைப் பார்க்கும் பார்வையின் கீழ் விளிம்பில், டேஷ்போர்டின் மேல் ஓரத்தில் வையுங்கள். நடுப்பகல் வெயில் நேராக விழும் நேரத்தில், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். பட்டறையில் கண்ணைப் பறித்த சாதாரண 5 மி.மீ. எல்இடி அந்த வெயிலில் எரிகிறதா என்றே தெரியாது. 2 செ.மீ. ஆழமுள்ள கறுப்புக் குழாய்த் துண்டை விளக்குக்கு முகமூடி போல மாட்டினால் வெகுவாகத் தெளியும். விட்டு விட்டு எரிய வேண்டுமானால் எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷரைப் போடுங்கள். பழைய வெப்ப வகை ஃப்ளாஷர் இவ்வளவு குறைந்த கரன்ட்டில் துடிக்காது.

ஏரியல்தான் பாதி வேலை

போர்டோடு வரும் சுருட்டிய குட்டி ஏரியலை எடுத்துவிடுங்கள். 433.92 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 69.1 செ.மீ. அதில் கால் பங்கு 17.3 செ.மீ. அந்த நீளத்துக்கு நேரான வயரை ஏரியல் முனையில் பற்றவையுங்கள். 315 மெகாஹெர்ட்ஸ் என்றால் 23.8 செ.மீ. அதே நீளத்தில் இன்னொரு வயரைப் போர்டின் மைனஸில் பற்றவைத்து எதிர்த்திசையில் நீட்டினால் தூரம் இன்னும் கூடும். இரண்டு வயரின் நுனியையும் ட்யூப் போட்டு மூடுங்கள், எங்கும் உலோகத்தில் படக் கூடாது.

ஏரியல் செங்குத்தாக, வெளியுலகைப் பார்க்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் அருகே இருக்கட்டும். உலோகப் பெட்டிக்குள்ளோ கார்பன் ஃபைபர் பலகைக்குப் பின்னாலோ வைத்தால் சிக்னல் உள்ளே வராது. கார்பன் ஃபைபர் பார்க்கப் பிளாஸ்டிக் போல இருந்தாலும் ரேடியோ அலைக்கு உலோகம் போலத்தான். ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உலோகக் கூண்டு) குழாயோடு ஏரியலைச் சேர்த்துக் கட்டுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. குறைந்தது 5 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் வயர், கேமராவுக்கு வைத்த யுஎஸ்பி சார்ஜர் இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு.

சோதனையும் கோளாறும்

எஞ்சின் அணைந்திருக்கும்போது 100 மீட்டர் வேலை செய்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, காரைப் பிட் நேர்ப்பாதையின் ஒரு முனையில் நிறுத்துங்கள். உண்மையில் நிற்கப்போகும் இடத்தில் நின்று ‘ஏ’, ‘பி’ மாறி மாறிப் பத்து முறை. பத்துக்குப் பத்து வந்தால்தான் அது எல்லை. ஒன்பது வந்தால் காரை அருகே கொண்டுவந்து மறுபடி. பிறகு மறுமுனையில் இதே போல.

அந்த எல்லை இருபுறமும் 75 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 180 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 50 மீட்டர் போகிறது. மொத்த 150 மீட்டருக்கு 3 நொடி. எனவே கார் கண்ணில் பட்டதுமே ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தத் தொடங்கி, கார் கடந்து போகும்வரை விடாமல் பிடியுங்கள். இடுப்பருகே பிடித்தால் உடம்பே சிக்னலை மறைக்கும். சுற்றுப்பாதையின் மறுபக்கத்தில் இருக்கும் காரை இந்த ரிமோட்டால் எட்ட முடியாது; அதற்கு லோரா போன்ற, நெடுந்தூரம் எட்டும் வேறு ரேடியோ தொழில்நுட்பம் வேண்டும்.

ஒரு கோளாறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆளைக் குழப்பிவிடும். ‘ஏ’ அழுத்தினால் ஆரஞ்சு எரிகிறது, ‘பி’ அழுத்தினால் அணைய மறுக்கிறது; அருகே வந்து அழுத்தினால் மட்டும் அணைகிறது. ரிமோட்டிலும் போர்டிலும் குறை இல்லை. மலிவான எல்இடி விளக்குகளுக்குள் இருக்கும் ஸ்விட்சிங் டிரைவர் எரியும்போது ரேடியோ இரைச்சலைக் கக்குகிறது. விளக்கு எரிந்த உடனே ரிசீவருக்குக் காது அடைத்துவிடுகிறது. விளக்கை ஏரியலிலிருந்து அரை மீட்டர் தள்ளுங்கள், இரண்டு விளக்கு வயரையும் சேர்த்து இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால், உள்ளே வெறும் ரெசிஸ்டர் மட்டும் உள்ள விளக்காக மாற்றுங்கள். பத்து முறைச் சோதனையில் ‘பி’யையும் சேர்த்தது இதற்காகத்தான்.

எஞ்சின் வேகம் ஏற ஏற எல்லை சுருங்கினால் சந்தேகம் இக்னிஷன் மேல் போக வேண்டும். ரெசிஸ்டர் வகை பிளக்கும், இரைச்சல் அடக்கும் பிளக் வயரும் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது பச்சை அணைந்தால் பேட்டரி வோல்ட்டேஜ் அந்த நேரத்தில் மிகவும் இறங்குகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆன பிறகு ‘பி’ அழுத்தினால் போதும். ஆனால் ஓட்டத்தின் நடுவே அணைந்தால் எர்த் போல்ட்டையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் முதலில் ஆட்டிப் பாருங்கள்.

ரிமோட்டின் 12 வோல்ட் குட்டி பேட்டரியை ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாகப் போடுங்கள். பொத்தானை அழுத்திய நிலையில் மீட்டரில் 10.5-க்குக் கீழே காட்டினால் அதை எறிந்துவிடலாம். ‘ஏ’ பொத்தானைச் சுற்றி ஆரஞ்சு டேப், ‘பி’யைச் சுற்றிப் பச்சை டேப் ஒட்டி, ரிமோட்டைக் கயிற்றில் கோத்து ஒரே ஒருவர் கழுத்தில் மாட்டுங்கள். சட்டைப் பையில் போட்டால் குனியும்போது தானாக அழுந்தும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டுநர் காரணமே இல்லாமல் உள்ளே வந்து நிற்பார்.